உடல் தன்னைத்தானே ஏன் தாக்கிக்கொள்வதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு ரத்த வங்கியிலும் அதை ஒட்டிய பரிசோதனைக் கூடத்திலும் வேலை பார்க்கிறேன். மருத்துவரிடம் கேட்க நேரமில்லாமல் போன சந்தேகங்களை, முடிவுத்தாளை வாங்க வருகிறவர்கள் கவுன்ட்டரில் நிற்கும் என்னிடம் கேட்பது வழக்கம். ஒரே சந்தேகம் பலருக்கும் திரும்பத் திரும்ப வந்ததால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைக் குறித்துவைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எந்த மாத்திரை, எவ்வளவு என்ற கேள்விகளை மட்டும் விட்டுவிட்டேன்; அவை மருத்துவர் ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டியவை.

ஆட்டோ இம்யூன்னு எழுதியிருக்காங்களே மேடம், அப்படின்னா என்ன?

கிருமிகளை அழிப்பதற்காக உடலில் இருக்கும் செல்களும் எதிர்ப்பொருள்களும் (ஆன்டிபாடி) உடலின் சொந்தத் திசுவையே தாக்கத் தொடங்குவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தாக்கப்படும் இடத்தைப் பொறுத்து நோயின் பெயர் மாறுகிறது. தைராய்டு என்றால் ஹாஷிமோட்டோ, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் என்றால் முதல் வகை நீரிழிவு, மூட்டு என்றால் முடக்குவாதம், தோலுக்கு நிறம் தரும் செல்கள் என்றால் வெண்புள்ளி. லூபஸ் போன்ற சில நோய்கள் ஒரே உறுப்போடு நிற்பதில்லை.

இவற்றில் எதுவும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. வெண்புள்ளியை இன்னமும் 'வெண்குஷ்டம்' என்று சொல்பவர்கள் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: தொழுநோய்க்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

எது நம்ம உடம்பு, எது வெளியிலேர்ந்து வந்த கிருமின்னு அதுக்கு எப்படித் தெரியும்?

பிறக்கும்போது தெரியாது என்பதே உண்மை. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களில் டி, பி என்று இரண்டு வகை உண்டு; எதிர்ப்பொருளைச் செய்பவை பி செல்கள். ஒவ்வொரு டி செல்லும் பி செல்லும் தன் மேற்பரப்பில் ஒரே வடிவமுள்ள ஏற்பிகளை, அதாவது பிற பொருள்களைப் பற்றும் பிடிகளை, தாங்கி உருவாகிறது; அந்த வடிவம் மரபணுத் துண்டுகளைச் சீட்டுக்கட்டுபோலக் கலைத்துச் சேர்ப்பதால் கிடைக்கிறது. இதைக் கண்டறிந்த சுசுமு டோனகாவாவுக்கு 1987-இல் நோபல் பரிசு கிடைத்தது. பூட்டைப் பார்க்காமலேயே கோடிக்கணக்கில் சாவி அறுத்துக் குவிக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நேற்று புதிதாகத் தோன்றிய கிருமிக்குக்கூட அந்தக் குவியலில் பொருந்துகிற சாவி ஒன்று இருக்கும். அதே காரணத்தால், நம் வீட்டுப் பூட்டையே திறக்கும் சாவிகளும் அதில் இருந்தே தீரும்.

ஆகவே, சொந்தத் திசுவைத் தாக்கக்கூடிய செல்கள் நோயாளிகளிடம் மட்டும் உருவாவதில்லை. இதைப் படிக்கும் உங்களிடமும் எழுதும் என்னிடமும் அவை தினமும் பிறக்கின்றன. அவற்றை உடல் என்ன செய்கிறது என்பதுதான் கீழே வரும் பதில்களின் மையம்.

தைமஸில் டி செல்களுக்குத் தேர்வு நடக்கிறது என்று பாடத்தில் இருக்கிறது. ஆனால் இன்சுலின் கணையத்தில்தானே சுரக்கிறது? தைமஸில் இல்லாத பொருளுக்கு அங்கே எப்படித் தேர்வு வைக்க முடியும்?

பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவி கேட்டது. இந்தப் பக்கத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. முதலில் தேர்வு என்னவென்று பார்த்துவிடலாம். மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே தைமஸ் சுரப்பி இருக்கிறது. 1961-இல் ஜாக் மில்லர் எலிக்குஞ்சுகளிடமிருந்து அதை அகற்றிப் பார்த்துச் சொல்லும்வரை அதற்குப் பெரிய வேலை எதுவும் இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் இளம் டி செல்களிடம் அங்கே இரண்டு விஷயங்கள் சோதிக்கப்படுகின்றன. உடல் செல்கள் தம் புரதத் துணுக்குகளை ஏந்திக் காட்டும் எச்.எல்.ஏ. என்ற தாங்கியை அந்த ஏற்பி ஓரளவாவது பற்றவேண்டும். பற்றத் தெரியாத செல்லால் உடலுக்குப் பயனில்லை என்பதால் அது மடிகிறது. ஆனால் சொந்தப் புரதத்தோடு சேர்த்து மிக இறுக்கமாகப் பற்றிக்கொண்டாலும் ஆபத்து என்பதால் அதுவும் மடிகிறது. உள்ளே வரும் 100 செல்களில் 95-க்கும் மேற்பட்டவை வெளியே வருவதில்லை. நம் ஊர் நுழைவுத் தேர்வுகள்கூட இதைவிடத் தாராளமானவை.

இப்போது இன்சுலின். தைமஸின் உட்பகுதியில் இருக்கும் சில செல்களில் 'ஏர்' என்ற மரபணு இயங்குகிறது. கணையம், தைராய்டு, கண், ஈரல் என்று எங்கெங்கோ மட்டும் உருவாகவேண்டிய ஆயிரக்கணக்கான புரதங்களை அந்தச் செல்கள் துளித்துளியாகத் தாமே செய்து காட்டுவதற்கு அது வழிசெய்கிறது. உடல் முழுவதன் மாதிரியும் அங்கே விரித்து வைக்கப்பட்டிருப்பதால், இன்சுலினைப் பற்றும் செல் கணையத்தைப் பார்ப்பதற்கு முன்பே மாட்டிக்கொள்கிறது. 1997-இல் அடையாளம் காணப்பட்ட இந்த மரபணு பழுதாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு அட்ரினல், பாராதைராய்டு என்று ஒவ்வொரு சுரப்பியாகத் தாக்கப்படுகிறது. மிக அரிய நோய் அது. பின்லாந்திலும் சார்டினியாத் தீவிலும் மற்ற இடங்களைவிடச் சற்று அதிகமாகக் காணப்படுகிறது.

அவ்வளவு வடிகட்டியும் தப்பிச்சு வர்ற செல் என்ன ஆகும்?

தப்பி வருபவை எல்லோரிடமும் உண்டு. அவற்றுக்கு முதல் தடை, வங்கி லாக்கர் போன்றது. உங்களிடம் சாவி இருந்தால் மட்டும் லாக்கர் திறக்காது. மேலாளரின் சாவியும் சேரவேண்டும். டி செல்லின் ஏற்பி தனக்குரிய துணுக்கைக் கண்டுகொள்வது முதல் சாவி. அந்தத் துணுக்கைக் காட்டும் செல், கிருமியையோ காயத்தையோ உணர்ந்து ஓர் எச்சரிக்கை மூலக்கூறையும் சேர்த்து நீட்டுவது இரண்டாவது. அமைதியாக இருக்கும் திசு இரண்டாவது சாவியை நீட்டுவதில்லை. முதல் சாவி மட்டும் கிடைத்த டி செல் செயலற்றுப் போகிறது அல்லது இறக்கிறது.

இரண்டாவது தடை, காவல் செல்கள். எலிக்குஞ்சு பிறந்து 3-ஆம் நாளில் தைமஸை அகற்றினால் எதிர்ப்பாற்றல் குறையும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார். மாறாக, அந்த எலிகளின் உறுப்புகள் தம் சொந்த டி செல்களாலேயே தாக்கப்பட்டன. அப்படியானால் அடக்கி வைக்கும் செல்களும் தைமஸிலிருந்துதான் வருகின்றன என்று விடாமல் தேடிய ஷிமோன் சகாகுச்சி, 1995-இல் அவற்றை அடையாளம் காட்டினார். தோல் செதிலாகி, பிறந்த சில வாரங்களிலேயே இறந்துபோகும் ஒரு வகை ஆண் எலிகளில் பழுதாக இருந்த ஃபாக்ஸ்பி3 மரபணுவை மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் 2001-இல் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணுதான் காவல் செல்லைக் காவல் செல்லாக்குகிறது. மூவருக்கும் 2025-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. ஆட்டோ இம்யூன் என்பது வெறும் தாக்குதல் மட்டுமில்லை, தடுப்பவர் தளர்ந்துபோவதும்தான் என்ற எண்ணத்துக்கு இந்த ஆய்வுகளே அடிப்படை.

வயசானா தைமஸ் சுருங்கிடுமாமே, அப்புறம் யாரு பார்த்துக்கறது?

பூப்பெய்தும் வயதுக்குப் பிறகு அது சுருங்கி, பெரும்பகுதி கொழுப்பாக மாறுவது உண்மை. புதிய டி செல்கள் குறைவாகவே வருவதால் தேர்வும் குறைவாகவே நடக்கிறது. ஏற்கனவே வெளிவந்த செல்களை, முந்தைய பதிலில் சொன்ன இரண்டு தடைகளும் ஆயுள் முழுவதும் பார்த்துக்கொள்கின்றன.

நான் ஏ குரூப். என் ரத்தத்துல பி-க்கு எதிரா எதிர்ப்பொருள் இருக்குன்னா, ஏ-வுக்கு எதிரா மட்டும் ஏன் இல்லை?

ஏ, பி என்பவை சிவப்பணுக்களின் மேலுள்ள சர்க்கரைகள். குடலில் வாழும் பாக்டீரியாக்களின் மேலும் இந்த இரண்டையும் ஒத்த சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துப் பழகிய பி செல்கள் (இந்தப் பெயருக்கும் பி குரூப்புக்கும் தொடர்பில்லை) இரண்டுக்கும் எதிர்ப்பொருள் செய்திருக்கவேண்டும். ஆனால் ஏ குரூப்காரரின் எலும்பு மஜ்ஜையில், ஏ-வைப் பற்றும் பி செல் உருவாகும்போதே தடுக்கப்படுகிறது. டி செல்லைப் போல உடனே இறந்துவிடாமல், பி செல்லுக்குத் தன் ஏற்பியை மாற்றி எழுதிப்பார்க்க இன்னொரு வாய்ப்பு கிடைப்பதும் உண்டு.

ரத்தப் பொருத்தம் பார்க்கும்போது நோயாளியின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை) தானம் செய்தவரின் சிவப்பணுக்களோடு கலப்போம். அதே வரிசையில் கடைசியாக ஒரு குழாயில் நோயாளியின் சீரத்தை அவருடைய சொந்தச் சிவப்பணுக்களோடே கலந்து வைப்போம். எங்கள் பேச்சில் அது 'ஆட்டோ கன்ட்ரோல்'. சுழற்றி எடுத்துத் தட்டினால் அடியிலிருக்கும் செந்நிறப் பொட்டு புகைபோலக் கலைந்துவிடும். அநேகமாக ஒவ்வொரு முறையும் அப்படியே நடப்பதால் யாரும் அதை இரண்டாம் முறை பார்ப்பதில்லை. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பால் எர்லிக் செய்ததும் இதுதான். ஆடுகளுக்கு வேறு ஆடுகளின் ரத்தத்தைச் செலுத்தியபோது, அவை அந்நிய ரத்தத்தைச் சிதைக்கும் எதிர்ப்பொருளைச் செய்தன, தம் ரத்தத்தைச் சிதைப்பதை மட்டும் செய்யவே இல்லை. தன்னையே நஞ்சாக்கிக்கொள்ள உடல் அஞ்சுகிறது என்று அவர் அதற்கு லத்தீனில் ஒரு பெயர் வைத்தார்.

அஞ்சு பாட்டில் பார்த்தும் ஒண்ணும் சேரலைன்னு சொல்றீங்களே, எல்லாம் அதே குரூப்தானே?

நோயாளிக்காக ரத்தம் கொடுக்க ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தவர், கோபத்தோடு கேட்டது, கோபம் நியாயமானது. சில நோயாளிகளின் எதிர்ப்பொருள், மனிதச் சிவப்பணுக்கள் அனைத்திலும் பொதுவாக உள்ள ஒரு பொருளைப் பற்றுகிறது. அதனால் எந்தத் தானக்காரரின் ரத்தத்தோடும் பொருந்தாது. மேலே சொன்ன ஆட்டோ கன்ட்ரோல் குழாயிலும் பொட்டு கலையாமல் திப்பியாகவே நிற்கும். எர்லிக் நடக்காது என்று நினைத்தது நடந்துவிட்டது என்பதற்கு அந்தத் திப்பிதான் சாட்சி. 1904-இலேயே டோனத்தும் லேண்ட்ஸ்டெய்னரும் குளிரில் சிவப்பணுக்களைப் பற்றி, மீண்டும் சூடானதும் சிதைக்கும் இத்தகைய எதிர்ப்பொருள் ஒன்றைக் காட்டிவிட்டார்கள்.

குளிரில் மட்டும் ஒட்டவைக்கும் வகையை நம் ஊரில் வெளியே பார்ப்பது கடினம். ஏசி ஓடும் ஆய்வகத்துக்குள் நன்றாகத் தெரியும். ஊதா மூடிக் குழாயைச் சாய்த்தால் கண்ணாடிச் சுவரில் ரத்தம் வழவழப்பாக வழியாமல் ரவை தூவியதுபோல இறங்கும், எண்ணும் இயந்திரம் நம்பமுடியாத அளவுகளைக் காட்டும். 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் சிறிது நேரம் வைத்தெடுத்தால் அந்த ரவை மறைந்துபோகும்.

ஏ.என்.ஏ. பாசிட்டிவ்னு வந்திருக்கு. எனக்கு லூபஸ் வந்துடுச்சா?

அந்த ஒரு தாளை வைத்து அப்படிச் சொல்லமுடியாது. ஆய்வகத்தில் வளர்த்த மனிதச் செல்கள் ஒட்டிய கண்ணாடித் தகட்டின் மேல் உங்கள் சீரத்தை நீர்த்து ஊற்றுகிறோம். செல்லின் உட்கருவைப் பற்றும் எதிர்ப்பொருள் (அதுதான் ஏ.என்.ஏ.) அதில் இருந்தால், அடுத்து ஊற்றும் ஒளிரும் சாயம் அதன் மேல் ஒட்டிக்கொள்ளும்; இருட்டறை நுண்ணோக்கியில் உட்கருக்கள் ஆப்பிள் பச்சையாக மின்னும். பார்க்க அழகாகவே இருக்கும்.

நோய் இல்லாதவர்களின் சீரத்திலும் இப்படி மின்னுவது உண்டு. 1:40 நீர்ப்பில் (சீரத்தை 40 மடங்கு நீர்த்தபோது) ஆரோக்கியமானவர்களில் ஏறத்தாழ 100-க்கு 30 பேருக்கும், 1:80-இல் 13 பேருக்கும், 1:160-இல் 5 பேருக்கும் பாசிட்டிவ் வரலாம். தப்பி வந்த செல்கள் எல்லோரிடமும் உண்டு என்று முன்பு சொன்னதை இந்த எண்கள் காட்டுகின்றன. காய்ச்சல், மூட்டு வீக்கம், தோல் தடிப்பு, சிறுநீரில் புரதம் போன்றவற்றோடு சேர்த்துத்தான் மருத்துவர் இதற்குப் பொருள் காண்பார். எந்த அறிகுறியும் இல்லாமல் முழு உடல் பரிசோதனைப் பட்டியலில் இதைச் சேர்த்து விற்பது வீண் பயத்தைத்தான் வளர்க்கிறது என்பது என் கருத்து.

லூபஸ்னா வெயில்ல போகக் கூடாதுங்கறாங்க. சென்னையில அது நடக்கற காரியமா?

முழுவதுமாகத் தவிர்ப்பது நடக்காத காரியம்தான். குடை, முழுக்கைச் சட்டை, வெயில் தடுப்புக் களிம்பு, வெளிவேலைகளைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்வது ஆகியவற்றைத்தான் அந்த அறிவுரை குறிக்கிறது. காரணம் வெயிலின் சூடன்று, அதிலுள்ள புற ஊதாக்கதிர். அது தோல் செல்களைக் கொல்லும்போது, உட்கருவுக்குள் மறைந்திருந்த பொருள்கள் வெளியே வருகின்றன. இறந்த செல்களை உடனுக்குடன் அள்ளிச் செல்வதும் உடலின் தற்காப்பில் ஒரு பகுதி. அள்ளுவது தாமதமானால், நாலு நாள் குப்பை எடுக்காத தெருவில் நடப்பதே அங்கும் நடக்கிறது. அள்ளும் பணிக்கு உதவும் சி1க்யூ என்ற புரதம் பிறவியிலேயே இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கு லூபஸ் வருகிறது.

எதிர்ப்பு சக்தி கம்மியா இருக்கறதாலதானே இது வந்துச்சு? கபசுரக் குடிநீர் குடிச்சா கூடுமா?

'சக்தி' என்ற சொல்தான் இங்கே ஆளைக் குழப்புகிறது. டேங்கில் பெட்ரோல் இருப்பதுபோல, ஏறினால் நல்லது, இறங்கினால் கெட்டது என்று நினைக்கவைத்துவிடுகிறது. இந்த நோய்களில் பிரச்சினை அளவில் இல்லை, திசையில் இருக்கிறது. மருத்துவர்கள் கொடுக்கும் ஸ்டீராய்டும் மற்ற மாத்திரைகளும் எதிர்ப்பைத் தணிப்பவை. ஒரு பக்கம் அவற்றை விழுங்கிக்கொண்டு, மறுபக்கம் 'இம்யூனிட்டி கூட்டும்' என்று எழுதிய எதையாவது மருத்துவரிடம் சொல்லாமல் குடிப்பதில் அர்த்தமில்லை. காய்ச்சலுக்குக் கஷாயம் நல்லதா என்பது வேறு விவாதம்.

தொண்டை வலிக்கும் இதய வால்வுக்கும் என்ன சம்பந்தம்? பையனுக்கு எதுக்கு 21 நாளைக்கு ஒரு தடவை ஊசி?

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற தொண்டைக் கிருமியின் மேலுள்ள சில பொருள்கள் இதயத் திசுவின் சில புரதங்களைப் போலவே இருக்கின்றன. கிருமிக்கு எதிராகச் செய்யப்பட்ட ஆயுதம், தொண்டை வலி போய் இரண்டு மூன்று வாரம் கழித்து, மூட்டையும் இதய வால்வையும் தாக்குகிறது. அதுவே ருமாட்டிக் காய்ச்சல். லாக்கர் உவமையில் சொன்னால், உண்மையான தொற்று ஒன்று இரண்டாவது சாவியை நீட்டியபோது தவறான செல்லும் அதைப் பெற்றுக்கொண்டது. ஒவ்வொரு புதிய தொண்டைத் தொற்றும் வால்வை மேலும் கெடுக்கக்கூடும் என்பதால், கிருமியே வராமல் தடுக்கத்தான் அந்தப் பென்சிலின் ஊசி. பையன் நன்றாக இருக்கிறான் என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

சிக்குன்குனியாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் நீடிக்கும் மூட்டுவலியையும் பலர் கேட்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது தணிந்துவிடும். சிலருக்கு முடக்குவாதம் போலவே இருக்கும் என்பதால், வீக்கம் குறையாவிட்டால் அதற்குரிய மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

எனக்கு இருக்கு. என் பொண்ணுக்கும் வருமா?

வாய்ப்பு சற்றுக் கூடும், உறுதி இல்லை. ஒரே மரபணுக்கள் கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு லூபஸ் இருந்தால்கூட மற்றவருக்கும் வருவது பாதிக்கும் குறைவு. லூபஸ் நோயாளிகள் 10 பேரில் 9 பேர் பெண்கள். ஹார்மோன் மட்டுமின்றி இரண்டு எக்ஸ் குரோமோசோம் இருப்பதும் இதற்கு ஒரு காரணம் என்று கருத இடமுண்டு. கூடுதலாக ஓர் எக்ஸ் குரோமோசோமோடு பிறக்கும் ஆண்களுக்கு லூபஸ் வரும் வாய்ப்பு, ஏறத்தாழப் பெண்களுக்கு உள்ள அளவுக்கு உயர்ந்துவிடுகிறது.

குழந்தையில பாதி அப்பாவோடதுதானே? அம்மா உடம்பு ஏன் அதைத் தள்ளிவிடறதில்லை?

தாயின் ரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நஞ்சுக்கொடியின் வெளிச்செல்கள், அந்நியத்தை எளிதில் காட்டிக்கொடுக்கும் எச்.எல்.ஏ. வகைகளைக் காட்டாமல், எச்.எல்.ஏ.-ஜி என்ற சாதுவான வகையைக் காட்டுகின்றன. கூடவே தாயின் காவல் செல்களும் பெருகுகின்றன. முடக்குவாதம் உள்ள பல பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வலி குறைவது கவனித்துப் பார்க்கவேண்டியது.

இந்தப் பாதுகாப்பு, தாக்க வரும் செல்களைத் தடுப்பதற்கு மட்டும்தான்; எதிர்ப்பொருள்களில் ஐ.ஜி.ஜி. வகை நஞ்சுக்கொடியைக் கடந்து போகும். ரோ என்ற பொருளுக்கு எதிரான எதிர்ப்பொருள் தாயிடம் இருந்தால், அரிதாகச் சிசுவின் இதயத் துடிப்பு குறைந்துபோகலாம். லூபஸ் உள்ளவர்கள் கருத்தரிக்கும் முன்பே அந்தச் சோதனையைச் செய்துகொள்ளச் சொல்வது இதனால்தான்.

அண்ணன் கிட்னிதானே வெச்சிருக்காங்க, சொந்த ரத்தம்தானே? மாத்திரையை எப்போ நிறுத்தலாம்?

நிறுத்தக்கூடாது, இந்த ஒரு பதிலை மட்டும் தயங்காமல் சொல்லிவிடுவேன். உறவுக்குச் சொந்தம் என்பது வேறு, டி செல்லுக்குச் சொந்தம் என்பது வேறு. உங்கள் தைமஸில் உங்கள் மாதிரிதான் விரித்து வைக்கப்பட்டிருந்தது, அண்ணனுடையது இல்லை. 1954-இல் பாஸ்டனில் ஜோசஃப் முர்ரே செய்த மாற்று அறுவையில் எதிர்ப்பைத் தணிக்கும் மருந்து தேவைப்படாததற்குக் காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்.

ஆனால் 'சொந்தம்' என்பது பழக்கத்தால் வருவது என்பதற்கும் சான்று உண்டு. கருப்பையில் ரத்த ஓட்டம் கலந்துபோன இரட்டைக் கன்றுகள், பெரிதான பிறகும் ஒன்றின் ரத்த அணுக்களை மற்றொன்று சுமந்துகொண்டிருப்பதை 1945-இல் ரே ஓவன் கண்டார். எலிக்குஞ்சுக்குக் கருவிலேயே அந்நியச் செல்களைப் பழக்கிவிட்டால், பின்னால் அதே எலியினத்தின் தோலை அது ஏற்றுக்கொள்வதை பீட்டர் மெடவர் குழு 1953-இல் காட்டியது.

அப்பாவுக்குப் புற்றுநோய்க்கு ஊசி போட்டாங்க. இப்போ தைராய்டு கெட்டுப்போச்சு. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடித் தொடர்பு. புற்றுநோய்ச் செல்லும் நம் செல்தான் என்பதால், சொந்தத் திசுவைக் காக்கும் ஏற்பாடுகளையே அது கேடயமாக்கிக்கொள்கிறது. டி செல்களின் மேல் சி.டி.எல்.ஏ.-4, பி.டி.-1 என்ற பிரேக்குகள் உண்டு. அந்தப் பிரேக்கை விடுவிப்பதே இந்த ஊசிகளின் வேலை. இதற்கு வழிகாட்டிய ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹோன்ஜோவும் 2018-இல் நோபல் பெற்றார்கள். பிரேக்கை எடுத்த வண்டி கட்டியை மட்டும் மோதும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தைராய்டு, குடல், தோல் ஆகியவை அடிபடுவதைப் புற்றுநோய் மருத்துவர்கள் எதிர்பார்த்தேதான் இடைவிடாமல் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள்.

தாக்கற செல்லை மட்டும் பொறுக்கி எடுத்துட முடியாதா?

அதுதான் எல்லோருடைய ஆசையும். இப்போதுள்ள மருந்துகள் பொறுக்கி எடுப்பதில்லை. மொத்தமாகத் தணிப்பதால்தான் தொற்றுகளுக்கு அஞ்சவேண்டியிருக்கிறது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் வேறொரு வழியை முயன்றார்கள். மற்ற மருந்துகள் பலிக்காத 5 லூபஸ் நோயாளிகளின் சொந்த டி செல்களை எடுத்து, பி செல்களை வேட்டையாடும்படி மாற்றி, அவர்களுக்கே திருப்பிச் செலுத்தினார்கள். 2022-இல் வெளியான முடிவின்படி ஐந்து பேரின் நோயும் தணிந்தது.

அதில் எனக்கு வியப்பளித்தது அடுத்து நடந்ததுதான். நல்லது கெட்டது பாராமல் பி செல்கள் எல்லாம் துடைக்கப்பட்டன. சில மாதங்களில் எலும்பு மஜ்ஜையிலிருந்து புதியவை வந்தன. புதிதாக வந்தவை, தொடர்ந்து கவனித்த அந்தக் காலத்தில், பழைய எதிர்ப்பொருளைச் செய்யவில்லை. அதே மரபணுக்களும் அதே உடலும் இருந்தும், புதிய செல்கள் பழைய தவறை உடனே செய்யவில்லை.